தேக்குக் கணக்கிலிருந்து கிராம சபை வரை: இந்திய வனக் கொள்கை ஓர் எளிய அறிமுகம்

மலைப்பாதையில் போகும்போது சாலையோரத்தில் வனத்துறையின் பலகை ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். 'காப்புக்காடு, அத்துமீறி நுழைவது குற்றம்' என்று இருக்கும். அதன் பின்னால் நிற்பது 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டம், அதாவது விக்டோரியா ராணி காலத்துச் சட்டம். நாடு விடுதலை அடைந்து, அரசியல் சாசனம் எழுதி, தேசிய வனக் கொள்கையை இரண்டு முறை புதிதாக எழுதிய பிறகும் தமிழ்நாட்டுக் காடுகளின் வாசலில் காவல் நிற்பது அந்தப் பழைய சட்டம்தான்.

இந்திய வனக் கொள்கையின் சிக்கல் முழுவதும் இங்கே அடங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். காடு எதற்காக, யாருக்காக என்ற கேள்விக்கு அரசு சொல்லும் பதில் ஒன்றரை நூற்றாண்டில் பலமுறை மாறிவிட்டது. ஆனால் காடு யாருடையது என்பதற்கு வெள்ளைக்காரன் எழுதிவைத்த பதில் அவ்வளவு சுலபமாக மாறவில்லை. புதிய பேச்சும் பழைய பிடியும் ஒரே காட்டுக்குள் மோதிக்கொள்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

முதலில் ஓர் அடிப்படை. கொள்கை வேறு, சட்டம் வேறு. கொள்கை என்பது அரசு தன் நோக்கத்தைச் சொல்லும் ஆவணம். 'நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடாக இருக்க வேண்டும்' என்று கொள்கை சொல்லலாம். அது நடக்காவிட்டால் யாரையும் கூண்டில் ஏற்ற முடியாது. சட்டம் அப்படியில்லை. மீறினால் வழக்கு, அபராதம், சிறை. கொள்கைக்குப் பல் முளைப்பது அது சட்டமாகும்போதும் நீதிமன்றம் அதைக் கையில் எடுக்கும்போதும்தான். மேகாலயா சுண்ணாம்புக்கல் சுரங்க வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம், காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்குக் கொடுக்கும் முடிவுகளில் 1988-ஆம் ஆண்டு வனக் கொள்கையையும் பின்பற்றியாக வேண்டும் என்றது. கொள்கை ஆவணம் ஒன்றுக்கு இப்படி உயிர் வருவது அபூர்வம்.

மரக் கணக்கில் தொடங்கியது

ஆங்கிலேயருக்குக் காடு முதலில் கண்ணில் பட்டது மரமாகத்தான். பிரிட்டிஷ் கடற்படைக்குக் கப்பல் கட்ட ஓக் மரம் தட்டுப்பாடானபோது மலபார் தேக்கின் மேல் பார்வை விழுந்தது. 1806-இல் கேப்டன் வாட்சன் என்பவரை மலபாரில் வனப் பாதுகாவலராக நியமித்தார்கள். பதவியின் பெயரில் பாதுகாப்பு இருந்தாலும் வேலை என்னவோ தேக்கை அரசின் ஏகபோகமாக்குவது. மரம் வைத்திருந்தவர்களும் வியாபாரிகளும் கொதித்துப்போனார்கள். 1823-இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ அந்தப் பதவியையே ஒழித்தார். அதன் பின் 1840-களில் மலபார் கலெக்டர் கனோலி, சாத்து மேனன் என்பவரின் துணையோடு நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார். அந்தத் தோட்டத்தின் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது.

நிலைமையைத் தலைகீழாக மாற்றியது ரயில். ஒரு மைல் தண்டவாளத்துக்குக் கிட்டத்தட்ட 1,760 முதல் 2,000 மரக்கட்டைகள் அடியில் போட வேண்டும். 1850-களில் சென்னை மாகாணத்தில் மட்டும் இந்தக் கட்டைகளுக்காக ஆண்டுக்குச் சுமார் 35,000 மரங்கள் வெட்டப்பட்டன. நிலக்கரி எளிதில் கிடைக்காத தெற்கில் என்ஜினுக்கும் விறகுதான். கான்ட்ராக்டர்கள் கண்மூடித்தனமாக வெட்டினார்கள். இப்படியே போனால் தண்டவாளத்துக்கே மரம் மிஞ்சாது என்ற பயம் அரசுக்கு வந்தது. 1855-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி வனங்களைப் பற்றிய குறிப்பு ஒன்றை வெளியிட்டார். அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தில் ஹியூ கிளெக்ஹார்ன் என்ற மருத்துவர் தலைமையில் வனத்துறை வந்தது. 1864-இல் ஜெர்மன் தாவரவியலாளர் டீட்ரிக் பிராண்டிஸ் தலைமையில் இந்தியா முழுவதற்குமான வனத்துறை அமைந்தது.

பிராண்டிஸை எளிதாகக் கெட்டவர் பட்டியலில் சேர்த்துவிட எனக்கு மனம் வரவில்லை. எந்த மரம் எவ்வளவு வேகமாக வளர்கிறது, ஆண்டுக்கு எத்தனை வெட்டினால் காடு தாங்கும் என்று கணக்கிட்டு வேலை செய்யும் முறையை இங்கே ஊன்றியவர் அவர். கிராமங்களுக்கென்று தனிக் காடுகள் வேண்டும் என்று வாதாடியவரும் அவர்தான். ஆனால் முடிவில் ஜெயித்தது, காடு முழுவதும் அரசின் சொத்து என்ற கட்சி.

முதல் வனச் சட்டம் 1865-இல் வந்தது. அது போதவில்லை என்று 1878-இல் இன்னொன்று வந்தது. அந்த இரண்டாவது சட்டம் காடுகளை மூன்றாகப் பிரித்தது: அரசின் முழுப் பிடியில் உள்ள காப்புக்காடு, சில உரிமைகளை விட்டுவைத்த பாதுகாக்கப்பட்ட காடு, கிராமக் காடு. மூன்றாவது வகை பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றுபோனது.

சென்னை மாகாணத்து வருவாய் வாரியம் அப்போது சொன்ன ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். இந்த மாகாணத்தில் ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் அடங்காத காடு என்று அநேகமாக எதுவும் இல்லை. தேக்கு, சந்தனம், ஏலம் போன்றவற்றுக்கு வாங்கிய வரியைத் தவிர்த்தால், அண்மைக்காலம் வரை அரசு எந்தக் காட்டையும் தன்னுடையது என்று சொன்னதில்லை என்று அந்த வாரியம் 1870-களின் தொடக்கத்தில் எழுதியது. சொன்னவர்கள் ஆங்கிலேய அரசின் சொந்த அதிகாரிகள். 1878 சட்டத்தை ஏற்கத் தயங்கிய சென்னை மாகாணம், 1882-இல் தனக்கென்று ஒரு வனச் சட்டம் போட்டுக்கொண்டது. பெயரில் 'சென்னை' போய் 'தமிழ்நாடு' வந்ததோடு, பல திருத்தங்களோடு இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது.

ஒரு மலை காப்புக்காடு ஆவது எப்படி?

இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பிற்காலத் தகராறுகளில் பாதி இங்கேதான் வேர் விட்டிருக்கின்றன.

1882 சட்டப்படி, இன்ன மலையைக் காப்புக்காடு ஆக்கப்போகிறோம் என்று அரசு முதலில் ஓர் அறிவிப்பு வெளியிடும். அது நான்காவது பிரிவு. எல்லைகள் அரசிதழில் அச்சாகும். உரிமைகளை விசாரிக்க ஓர் அதிகாரி நியமிக்கப்படுவார். இந்த மலையில் எனக்கு மேய்ச்சல் உரிமை இருக்கிறது, இந்த ஓடைத் தண்ணீர் என் வயலுக்குப் பாய்கிறது, இந்த வழியாகத்தான் எங்கள் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்ல நினைப்பவர்கள் குறிப்பிட்ட கெடுவுக்குள் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் விசாரித்து, ஏற்பதை ஏற்று, தள்ளுவதைத் தள்ளுவார். பிறகு பதினாறாவது பிரிவின் கீழ் இறுதி அறிவிப்பு வரும். கெடுவுக்குள் சொல்லாத உரிமை அநேகமாக அத்தோடு செத்துப்போகும்.

காகிதத்தில் இது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் யாருக்கு இந்த அறிவிப்பு போய்ச் சேரும் என்று யோசித்துப் பாருங்கள். அரசிதழ் வாசிக்கும் மிராசுதார் மனு கொடுத்துவிடுவார். மலை மேல் சாமை, ராகி விதைத்து, தேன் எடுத்து, கிழங்கு தோண்டி வாழ்ந்த இருளரும் சோளகரும் பளியரும் காணிக்காரரும் எந்த அலுவலகத்தில் போய் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள்? அவர்களுடைய உரிமை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. முன்னோர் சமாதியிலும் தெய்வக் கல்லிலும்தான் இருந்தது. விசாரணை முடிந்து எல்லைக் கற்கள் நட்ட மறுநாள் சொந்த மலையிலேயே அவர்கள் அத்துமீறியவர்கள் ஆனார்கள். விறகு எடுத்தால் குற்றம், மாடு மேய்த்தால் குற்றம். கீழ்மட்ட வன ஊழியருக்கு அவர்கள் மேல் அளவில்லாத அதிகாரம் வந்தது இப்படித்தான்.

1894-இல் காலனி அரசு தன் முதல் வனக் கொள்கையை வெளியிட்டது. அதற்கு ஒரு பின்னணி உண்டு. இந்திய விவசாயத்தை ஆராய வந்த வோல்க்கர் என்ற வேதியியலாளர், விறகு கிடைக்காததால் மக்கள் சாணத்தை எரிக்கிறார்கள், வயலுக்கு எரு போகவில்லை என்று சுட்டிக்காட்டி, விறகுக்கும் தீவனத்துக்கும் காடு வளர்க்கச் சொன்னார். கொள்கை காடுகளை நான்கு வகையாக்கியது: மலைச்சரிவையும் நீரையும் காப்பதற்கானவை, வணிக மரத்துக்கானவை, விறகு தீவனம் தரும் சிறு காடுகள், மேய்ச்சல் நிலங்கள். விவசாயத்துக்கு நிலம் தேவைப்பட்டால் காடு விட்டுக்கொடுக்கலாம் என்றும் சொன்னது. நில வரி வாங்கும் அரசு வேறு எப்படிச் சொல்லும்?

விடுதலைக்குப் பிறகும் அதே சாவி

1952-இல் சுதந்திர இந்தியாவின் முதல் வனக் கொள்கை வந்தது. நாட்டின் மூன்றில் ஒரு பங்கு காடு வேண்டும், மலைப்பகுதியில் 60 சதவீதம், சமவெளியில் 20 சதவீதம் என்ற இலக்கு இதில்தான் வந்தது. இன்றும் மேடைகளில் கேட்கும் '33 சதவீதம்' இங்கிருந்து கிளம்பியதுதான். மண்ணரிப்பு, வெள்ளம், காலநிலை பற்றியெல்லாம் அது பேசியது.

ஆனால் மக்களைப் பற்றிப் பேசிய இடம் பழைய குரலாகவே இருந்தது. ஒரு கிராமம் தற்செயலாகக் காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக, நாடு முழுவதற்கும் உரிய சொத்தின் பலனை நாடு இழக்க முடியாது என்ற கருத்தை அது எழுதியே வைத்தது. கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். நடைமுறையில் நாடு என்பது தொழிற்சாலையாகிவிட்டது. கர்நாடகத்தில் ஒரு காகித ஆலைக்கு மூங்கில் டன்னுக்கு ஒன்றரை ரூபாய்க்குப் போனது. அதே மூங்கிலைக் கூடை முடைபவர்கள் சந்தையில் அதைவிடப் பல நூறு மடங்கு விலைக்கு வாங்கினார்கள். நீலகிரியின் சோலைக்காடுகளை ஒட்டிய புல்வெளிகளில் தைல மரமும் சீகை மரமும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நடப்பட்டன. தோல் பதனிடப் பட்டையும் ஆலைகளுக்கு மரக்கூழும் கிடைத்தன.

அந்தப் புல்வெளியை அன்றைய அதிகாரிகள் வெறும் தரிசாகத்தான் பார்த்தார்கள். மழையைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்து, கோடையிலும் ஓடைகளுக்குத் தண்ணீர் விடுவது அந்தப் புல்வெளி. வரையாடு மேய்வது அங்கே. தோடர்களின் எருமைகள் மேய்ந்ததும் அங்கேதான். மரம் நட்டால் காடு வளரும் என்ற எளிய நம்பிக்கை எவ்வளவு பெரிய சேதத்தைச் செய்யும் என்பதற்கு நீலகிரியை விடச் சாட்சி வேண்டாம். இன்று அதே சீகையை வெட்டி அப்புறப்படுத்திப் புல்லை மீட்க வனத்துறையே பாடுபடுகிறது. வெட்ட வெட்ட விதையிலிருந்து முளைத்து வருகிறது.

இதற்கிடையில் அணை, சுரங்கம், குடியேற்றம் என்று காடு கரைந்துகொண்டே இருந்தது. 1951-க்கும் 1980-க்கும் இடையில் சுமார் 43 லட்சம் ஹெக்டேர் காட்டு நிலம் வேறு பயன்பாட்டுக்குப் போனது என்பது அரசே சொல்லும் கணக்கு.

எழுபதுகளில் என்ன நடந்தது?

சட்டங்கள் வரிசையாக வந்த பத்தாண்டு இது. 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். 1973-இல் ஒன்பது காப்பகங்களோடு புலிகள் திட்டம். 1976-இல் அரசியல் சாசனத்தின் 42-ஆவது திருத்தம். வனம் அதுவரை மாநிலப் பட்டியலில் இருந்தது. இந்தத் திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. காட்டையும் வனவிலங்கையும் காப்பது அரசின் கடமை என்று 48-ஏ பிரிவும், குடிமக்களின் கடமை என்று 51-ஏ பிரிவும் சொல்லத் தொடங்கின.

கீழிருந்தும் குரல் எழுந்தது. இமயமலையில் சமோலி மாவட்டத்து மண்டல் கிராமத்தில், ஏர்க்கருவி செய்ய உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கம் கேட்ட மரத்தைக் கொடுக்க மறுத்த வனத்துறை, அந்த மரங்களை விளையாட்டு மட்டைகள் செய்யும் கம்பெனிக்கு ஒதுக்கியது. 1973-இல் அங்கே தொடங்கியதுதான், மரங்களைக் கட்டியணைத்து வெட்டைத் தடுக்கும் சிப்கோ இயக்கம். அடுத்த ஆண்டு ரேணி கிராமத்தில் கௌரா தேவி தலைமையில் பெண்கள் மரங்களைக் காத்து நின்றார்கள். அதற்கு முன் 1970-இல் அலக்நந்தாவில் வந்த வெள்ளத்தை அவர்கள் மறக்கவில்லை. மேலே மரம் போனால் கீழே வீடு போகும் என்பது அவர்களுக்கு அனுபவப் பாடம். தெற்கில், பாலக்காட்டு மலைகளில் குந்திப்புழை ஆற்றின் மேல் வரவிருந்த நீர்மின் திட்டத்தை எதிர்த்து விஞ்ஞானிகளும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பும் கவிஞர்களும் சேர்ந்து போராடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அந்தக் காடு, சைலன்ட் வேலி, 1984-இல் தேசியப் பூங்கா ஆனது, அங்கே வாழும் சிங்கவால் குரங்குகளும் தப்பின.

1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சின்னச் சட்டம், ஆனால் கடுமையானது. மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் எந்த மாநிலமும் காட்டு நிலத்தை வேறு வேலைக்குக் கொடுக்கக் கூடாது. அதுவரை மாநில அரசு கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடும் விஷயம், அதன் பிறகு டெல்லி போய் வர வேண்டியதாயிற்று. காட்டு நிலம் கைமாறும் வேகம் கணிசமாகக் குறைந்தது. இந்தச் சட்டத்தின் குறைகளை எவ்வளவு பேசினாலும் இந்தப் பெருமையை மறுக்க முடியாது.

1988: கேள்வியே மாறியது

இன்று நடைமுறையில் இருப்பது 1988-ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை. புதிதாகப் படிப்பவர்கள் ஒரே ஒரு ஆவணத்தைப் படிக்க வேண்டும் என்றால் இதைப் படிக்கச் சொல்வேன். சில பக்கங்கள்தான்.

காட்டின் முதல் நோக்கம் சுற்றுச்சூழல் சமநிலை. அதிலிருந்து கிடைக்கும் நேரடிப் பொருளாதார லாபம் அதற்குக் கீழ்ப்பட்டதே என்று இது சொன்னது. வருமானக் கணக்கில் தொடங்கிய ஒரு துறைக்கு இதைவிடப் பெரிய திருப்பம் இருக்க முடியாது. தொழிற்சாலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளோடு சேர்ந்து தாங்களே வளர்த்துக்கொள்ள வேண்டும், சலுகை விலைக்குக் காட்டு மரம் கிடையாது என்றது. பழங்குடிகளுக்கும் காட்டோரத்து ஏழைகளுக்கும் வேண்டிய விறகு, தீவனம், சிறு வன மகசூல், வீடு கட்ட மரம் இவைதான் காட்டு விளைபொருளின் மேல் முதல் உரிமை பெறும் என்றது. 1952 கொள்கையைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டையும் எழுதியது ஒரே நாட்டு அரசுதானா என்று தோன்றும்.

இதன் தொடர்ச்சியாக 1990-இல் கூட்டு வன மேலாண்மை பற்றிய சுற்றறிக்கை வந்தது. கிராமத்தில் வனக் குழு அமைத்து, சிதைந்த காட்டை அவர்கள் காப்பாற்றினால் பலனில் பங்கு தருவது ஏற்பாடு. தமிழ்நாட்டில் 1997 முதல் ஜப்பான் நிதியுதவியோடு இந்த வழியில் வேலைகள் நடந்தன. மலையடிவாரங்களில் இருக்கும் பல கசிவுநீர்க் குட்டைகள் அந்தத் திட்டத்தில் வெட்டியவை. நல்ல வேலைதான். ஆனால் குழுவின் பொறுப்பிலும் பணத்திலும் வனத்துறையின் கை ஓங்கியிருந்தது. பணம் நின்றபோது பல குழுக்களும் நின்றுபோயின. பங்கு கொடுப்பது வேறு, உரிமை கொடுப்பது வேறு.

கொள்கை எவ்வளவு அழகாக எழுதப்பட்டாலும் பழைய அதிகாரம் அப்படியே இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி காட்டியது. 1988 கொள்கை வந்து நான்கே ஆண்டுகளில், 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கடத்தல் சோதனை என்ற பெயரில் மலையாளி என்ற பழங்குடியினர் வாழும் அந்தக் கிராமத்துக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், மக்களை அடித்தார்கள், பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வனப் பாதுகாப்பு பற்றி எழுதும் யாரும் வாச்சாத்தியைத் தாண்டிப் போகக் கூடாது என்பது என் எண்ணம்.

கூடலூரிலிருந்து ஒரு வழக்கு

அடுத்த பெரிய திருப்பமும் தமிழ்நாட்டு மண்ணிலிருந்துதான் வந்தது. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த ஜென்ம நிலங்கள், அதாவது பரம்பரை உரிமை நிலங்கள் உண்டு. அங்கே காடு அழிக்கப்படுவதைப் பார்த்து, அந்தக் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு நாட்டையே உலுக்கியது.

அதுவரை வனத்துறைப் பதிவேட்டில் உள்ள காடுதான் காடு. நீதிமன்றம் அப்படிப் பார்க்கவில்லை. அகராதியில் காடு என்றால் என்ன பொருளோ அந்தப் பொருளில் காடாக இருக்கும் எந்த நிலமும், யாருக்குச் சொந்தமாக இருந்தாலும், 1980 சட்டத்துக்குள் வரும் என்றது. வடகிழக்கிலிருந்து மரம் வெளியே போவது நின்றது, அனுமதியில்லாத மர அறுவை ஆலைகள் மூடப்பட்டன. வழக்கை முடிக்காமல் தொடர்ந்து கண்காணித்தது நீதிமன்றம். மனுதாரர் 2016-இல் காலமான பிறகும் அவர் பெயரில் உத்தரவுகள் வந்துகொண்டிருக்கின்றன.

இதனால் காப்பாற்றப்பட்ட காடு ஏராளம். அதே நேரம் கூடலூரிலேயே பட்டா இல்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள், பணியர் பழங்குடியினரின் குடியிருப்புகள் உட்பட, இடையில் மாட்டிக்கொண்டு தவிக்கின்றன. நிலம் காடா, தோட்டமா, யாருடையது என்பது முடிவாகாமல் தலைமுறைகள் போகின்றன. நீதிமன்றத்தால் வெட்டுவதை நிறுத்த முடியும். அங்கே வாழ்பவர்களின் உரிமையைத் தீர்த்துவைக்க வேறொரு சட்டம் தேவைப்பட்டது.

2006: பெரியவரின் வாக்கும் சாட்சி

அந்தச் சட்டம்தான் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். பழங்குடிகளுக்கும் பாரம்பரியமாகக் காட்டில் வாழ்பவர்களுக்கும் வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்று தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்ளும் சட்டம் இது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் உழுது வாழும் பழங்குடிக் குடும்பத்துக்கு நான்கு ஹெக்டேர் வரை உரிமை உண்டு. மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். தேன், கடுக்காய், நெல்லி, மூங்கில், சீமார்ப் புல் போன்ற சிறு வன மகசூலை எடுக்கவும் விற்கவும் உரிமை உண்டு. எல்லாவற்றையும் விடப் பெரியது சமூக வன வள உரிமை: ஊர் தன் வழக்கமான எல்லைக்குள் இருக்கும் காட்டைத் தானே காத்து நிர்வகிக்கலாம்.

எனக்கு மிகப் பிடித்தது இதன் விதிகளில் சாட்சியம் பற்றி வரும் பகுதி. காகிதம் இல்லையா, பரவாயில்லை. ஊர்ப் பெரியவரின் வாக்குமூலம் சாட்சி. பழைய கிணறு சாட்சி. சுடுகாடும் கும்பிடும் இடமும் சாட்சி. 1882-இல் எந்த அடையாளங்களை அதிகாரி கணக்கில் எடுக்கவில்லையோ, அதே அடையாளங்களை நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கழித்துச் சட்டம் ஏற்றுக்கொண்டது. மனுவை முதலில் பார்ப்பதும் கிராம சபைதான்.

இது நடைமுறையில் என்ன செய்யும்? மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்து மெண்டா லேகா கிராமம் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்குச் சமூக உரிமை பெற்று, 2011 முதல் தன் மூங்கிலைத் தானே விற்கிறது. ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று கிராம சபைகளையே கேட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2013-இல் கூடிய 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை.

தடங்கல்களும் நிறைய. தகுந்த விசாரணையில்லாமல் லட்சக்கணக்கான மனுக்கள் தள்ளுபடி ஆயின. மனு தள்ளுபடியானவர்களை வெளியேற்றச் சொல்லி 2019 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, இரண்டே வாரத்தில் அதை நிறுத்திவைத்தது. காட்டில் மக்கள் இருந்தால் விலங்குக்கு ஆபத்து என்று வாதிடும் வனவிலங்கு ஆர்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கவலை பொய்யில்லை. ஆனால் உரிமையில்லாதவனுக்குக் காட்டைக் காக்க என்ன காரணம் இருக்கும் என்று அவர்களும் யோசிக்க வேண்டும். காட்டுத்தீ வைக்காமல் இருக்கவும், வைத்தவனைக் காட்டிக்கொடுக்கவும், யானை வழித்தடத்தில் வேலி போடாமல் இருக்கவும் உள்ளூர்க்காரர் மனசு வேண்டும்.

'காடு கூடியிருக்கிறது' என்ற செய்தியை எப்படிப் படிப்பது?

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்திய வன அளவைத் துறை அறிக்கை வெளியிடுகிறது. 2023 அறிக்கைப்படி நாட்டின் வனப் பரப்பு 7,15,343 சதுர கிலோமீட்டர், அதாவது 21.76 சதவீதம். தோப்பும் தனி மரங்களும் சேர்த்தால் 25.17 சதவீதம்.

சரி, இதில் எதெல்லாம் காடு? ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும், பத்து சதவீதத்துக்கு மேல் இலைக்கூரையும் இருந்தால் செயற்கைக்கோள் படத்தில் அது வனப் பரப்பு. பொள்ளாச்சி தென்னந்தோப்பும் கன்னியாகுமரி ரப்பர் தோட்டமும் அதில் சேரும். ஆனால் வரையாடு மேயும் புல்வெளி சேராது. ஆகவே மொத்த எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். எழுபது சதவீதத்துக்கு மேல் அடர்ந்த காடு எவ்வளவு, பதிவு பெற்ற காட்டுக்குள் கூடியதா வெளியே கூடியதா என்ற பத்திகளைத் தேடிப் பாருங்கள். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் உன்னிச்செடியும் மஞ்சள் பூப்பூக்கும் அந்நியக் கொன்றையும் மண்டிக் கிடப்பதை மேலிருந்து பார்த்தாலும் பச்சைதான். மானுக்கு அதில் தின்ன ஒன்றும் இல்லை. 2022-இல் தமிழ்நாடு அரசு இந்த அந்நியச் செடிகளை அகற்றத் தனிக் கொள்கையே வெளியிட வேண்டியதாயிற்று.

ஈட்டுக்காடு வளர்ப்புக்கும் இதே குறை உண்டு. காட்டை எடுத்தால் வேறிடத்தில் மரம் நட வேண்டும், அதற்குப் பணம் கட்ட வேண்டும் என்பது விதி. கிரேட் நிக்கோபார் தீவில் சுமார் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை எடுக்கும் திட்டத்துக்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடத் தீர்மானித்திருக்கிறார்கள். மழைக்காட்டுக்கு ஈடு வறண்ட சமவெளியில் நட்ட கன்று என்று எந்தத் தாவரவியல் சொல்லும்?

இப்போது நிற்கும் இடம்

புதிய தேசிய வனக் கொள்கைக்கு 2018-இல் ஒரு வரைவு வந்தது. தனியாரோடு சேர்ந்து காடு வளர்ப்பது பற்றிய பகுதிகள் கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. அது இறுதி வடிவம் பெறவில்லை. 1988 கொள்கையே தொடர்கிறது.

ஆனால் சட்டத்தில் மாற்றம் வந்துவிட்டது. 2023-இல் 1980 சட்டத்தைத் திருத்தினார்கள். அரசுப் பதிவேட்டில் காடு என்று இருக்கும் நிலத்துக்கே இனி இந்தச் சட்டம் பொருந்தும் என்பது திருத்தத்தின் சாரம். நாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் பாதுகாப்பு சார்ந்த சாலை போன்ற திட்டங்களுக்கும், உயிரியல் பூங்கா, சஃபாரி போன்றவற்றுக்கும் விலக்கு கிடைத்தது. கோதவர்மன் வழக்கு 1996-இல் அகலமாகத் திறந்த கதவை இது பாதி மூடுகிறது. எதிர்த்து வழக்குகள் போடப்பட்டன. 2024 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு ஒன்று போட்டது: பதிவில்லாத காடுகளை மாநிலங்கள் கண்டறிந்து பதிவு செய்யும் வரை, 1996-ஆம் ஆண்டின் அகராதிப் பொருளே செல்லும்.

ஆக, மாநிலங்கள் கண்டறிந்து எழுதும் அந்தக் காடுகளின் பட்டியலில்தான் இப்போது விஷயம் இருக்கிறது. எந்த மலைச்சரிவு, எந்தப் புதர்க்காடு, எந்தக் கோயில் காடு அதில் இடம் பெறுகிறது என்பது சர்வே எண் வாரியாக முடிவாகும். உங்கள் வட்டத்தில் எந்த சர்வே எண்கள் காடாகக் கண்டறியப்பட்டிருக்கின்றன என்று மாவட்ட வன அலுவலகத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். விடுபட்டதாகத் தெரிந்தால் கிராம சபையில் தீர்மானம் போட்டு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம். அந்த நிலத்தில் ஆடு மேய்ப்பவர்களும் விறகு பொறுக்குபவர்களும் அதே கூட்டத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது அவசியம்.